வோல்டரின் பழைய பியரும் என் பூப்போன்ற சோறும்

ஓகஸ்ட் 7, 2006. திங்கள்.

மழை. இன்னும் ஒரு நாள் பெய்தால் ஜெர்மனியின் ஆஹென் நகரப் பேருந்துகளுக்குத் துடுப்புப் பூட்ட வேண்டும். வேலைக்கு விடுப்பு. காரணம்: அமெரிக்க வரலாற்றைத் திருத்துதல்.

மறந்துவிடாமல் எழுதி வைக்கிறேன். அக்காவின் மகள் நிரோஷாவுக்கு ஒக்டோபர் 28 கல்யாணம். மாப்பிள்ளை மார்க், அமெரிக்கன். அவன் தகப்பன் வோல்டர், விஸ்கான்சினில் ஒரு சிறிய ஊரின் ஆலையில் பியர் காய்ச்சியவர். ஜெர்மனியிலிருந்து போய்க் குடியேறியவர்கள் தொடங்கிய ஆலை. அந்த நாட்டு பார்லி முரடு, பியர் கலங்கும். அதனால் அரிசி சேர்த்தார்கள். பிறகு பெரிய கம்பனி ஒன்று வாங்கியது. பார்லி குறைந்தது, சோளப்பாகு வந்தது, கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூ பெயருக்கு மட்டும். ஊர் குடிப்பதை நிறுத்தியது. ஆலைக்குப் பூட்டு. அன்றிலிருந்து மனிதர் பியரைத் தொடுவதில்லை, பேச்சும் குறைவு.

செப்டெம்பரில் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாராம். கல்யாணத்துக்கு நிற்கமாட்டாராம். நிரோஷா ஒரே அழுகை. குடும்பச் சபையில் எழுந்து முழங்கினேன்: "அந்தப் பழைய பியரை நான் உயிர்ப்பிக்கிறன். குடிச்சாரெண்டால் மனுசன் இஞ்சயே வேர் விடுவார்!"

என் மனைவி புஷ்பம்: "முதல் தேத்தண்ணி போடப் பழகுங்கோ."

ஓகஸ்ட் 8. செவ்வாய்.

மழை விட்டது. யூர்கனின் மதுக்கடை நிலவறை. பியர் அவனே காய்ச்சுபவன், என் நண்பன். அரிசி மூட்டையைக் கண்டதும் வெளிறிப்போய், "கதவைச் சாத்து, யாராவது பார்த்தால் என் பெயர் போய்விடும்" என்றான். ஜெர்மன்காரன் பியரில் அரிசி போடுவது கோவிலில் சுருட்டுப் பிடிப்பது மாதிரி.

பிறகு அரிசியை நானே வீட்டில் அவித்துக் கொண்டுபோனேன். பூப்போல, ஒன்றோடொன்று ஒட்டாமல். ஐரோப்பாவில் இப்படிச் சோறு நான்கு பேருக்குத்தான் கைவரும். மற்ற மூவரும் காலமாகிவிட்டார்கள்.

செப்டெம்பர் 14. வியாழன்.

வோல்டர் வந்தார். கதவு உயரம். இடியப்பம், சொதி. மொத்தம் பேசியது: தேங்க் யூ.

குசினிக்குள் நிரோஷா: "மாமா, அவருக்கு என்னைப் பிடிக்கேல்லை."

"அவருக்கு ஒருத்தரையும் பிடிக்கேல்லை. நீ மட்டும் விசேஷமெண்டு நினையாதை."

அவள் சிரிக்கவில்லை. வோல்டர் திரும்பிப் போகும் பயணச்சீட்டு 22ஆம் திகதிக்கு.

செப்டெம்பர் 16. சனி.

யூர்கன் கடை. வோல்டர் கிளாசை வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். ஒரு மிடறு. கண்ணை மூடினார். பிறகு மடை திறந்த மாதிரி ஆங்கிலம். நிரோஷா தமிழாக்கினாள்.

"இது அவையின்ர பியர்தானாம், மாமா."

எழுந்து நின்றேன். சிலைக்கு இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

"இருங்கோ. கம்பனி மாத்தின பிறகு வந்த பியராம். அந்தத் தண்ணி. அச்சொட்டா அதேதானாம்."

யூர்கன் சுவரைப் பார்த்தான். நான் உட்கார்ந்தேன். வோல்டர் இன்னொரு கேள்வி: அரிசியை எப்படி அவித்தாய்?

செப்டெம்பர் 17. ஞாயிறு.

தேவாலயத்தில் பூசை முடிந்து எங்கள் குசினி. செய்முறை விளக்கம். அரிசி கொதித்தது, வெந்தது. வழமைபோல் பானையைச் சரித்துக் கஞ்சியைத் தொட்டிக்குள் வடித்தேன்.

"நோ!" பாய்ந்து வந்து ஒரு சட்டியை அடியில் பிடித்தார் வோல்டர். கை சுட்டது. சட்டியை விடவில்லை.

"மாமா, அந்தக் கஞ்சிதான் பியராம். நீங்க பியரை ஊத்திப்போட்டுச் சக்கையைக் குடுத்திருக்கிறியளாம்."

புஷ்பம்: "வடிக்காமல் விட்டால் அது சோறோ? களி! அவருக்குச் சொல்லு பிள்ளை."

நிரோஷா சொன்னாள். வோல்டர் முதல்முறையாகச் சிரித்தார். பல் பெரியது.

செப்டெம்பர் 19. செவ்வாய்.

வெயில். வோல்டர் காலையிலிருந்து நிலவறையில், புஷ்பத்தின் ஏப்ரன் கட்டி. அரிசி குழையக் குழைய, தண்ணீரோடு. இது பதமாக ஐந்து வாரம். மார்க் தொலைபேசியில் தகப்பனின் சீட்டை நவம்பருக்கு மாற்றினான்.

நிரோஷா: "எனக்காக நிக்கேல்லை, மாமா. கஞ்சிக்காக நிக்கிறார்."

"எதுக்காக நிண்டாலென்ன, கல்யாணத்தண்டு கோயிலில முன்வாங்கில இருப்பார்."

பின்னேரம் போனால், அவள் கையில் அகப்பை. அடிபிடிக்கப் போகிறது, வேகமாகக் கிண்டு என்று ஆங்கிலத்தில் அதட்டுகிறார். அவள் தமிழில் திருப்பித் திட்டுகிறாள். இரண்டு பேருக்கும் முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

உதவ இறங்கினேன். படியில் மறித்தார்கள். சோறு வடிப்பவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லையாம்.