என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆட்ரி வருவாள்

டெஸ்மண்ட்,

ஃப்ரிட்ஜில் ஸ்டூ இருக்கிறது, ஐந்தரைக்குச் சூடு பண்ணி வை. ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு ஆட்ரியும் நோரிஸும் சாப்பிட வருகிறார்கள். ஆட்ரி என் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வருவாள். நீ வாயைத் திறக்காதே.

நேற்று தானமாக வந்த பழைய சாமான் விற்கும் நம் சாரிட்டி கடையில் வேலை செய்யும்போது கோட்டைக் கழற்றி ஓரமாக மாட்டியிருந்தேன். கூட வேலை செய்யும் பெரில் அதற்கும் விலைச்சீட்டைக் குத்தி ஆட்ரியிடம் விற்றுவிட்டாள். கேட்டால், "பழசா இருந்துச்சு, அதான் ரெண்டே பவுண்டு போட்டேன்" என்கிறாள். நீ கல்யாண நாளுக்கு வாங்கித் தந்த கோட்!

திருப்பிக் கேட்கலாம் என்றுதான் காலையில் ஆட்ரியிடம் போனேன். அவளோ, "புதுசு, லண்டன்ல வாங்குனேன்" என்று என்னிடமே பெருமையடிக்கிறாள். "உனக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன்.

என் வீட்டுச் சாவி அதன் உள்பையில் இருக்கிறது. அவள் கழற்றியதும் நீயே வாங்கி மாட்டி, சாவியை எடுத்துவிடு. நான் கடை முடிந்து ஆறரைக்கு வந்து தட்டுவேன், எங்கும் போய்விடாதே.

கிளெனிஸ்

பி.கு: நோரிஸ் தலையைப் பார்க்காதே. உன்னைக் கேட்காமல் நான் கடைக்குக் கொடுத்த உன் மீன்பிடித் தொப்பி இப்போது அந்தத் தலையில்தான் இருக்கிறது.

இன்னொன்று: சாவியோடு ஒரு மடித்த காகிதம் இருக்கும். தொப்பிக்காக மன்னிப்புக் கேட்டு உனக்கு எழுதியது, கொடுக்கத்தான் வீம்பு விடவில்லை. ஆட்ரி படித்திருக்க மாட்டாள், படித்திருந்தால் லண்டன் கதை விட்டிருக்க மாட்டாள். நீ படித்துவிட்டுக் கதவைத் திற.