குடல் கழுவும் பொடி

நடுவட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு, ஜோதிமணி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? போனில் பேசினால் ஒட்டி ஒட்டிக் கட்டிய இந்த லைன் வீட்டுச் சுவரைத் தாண்டிக் கேட்கும், அதனால்தான் கடிதம். இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன். வயிறு உட்கார விடவில்லை.

பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். நான்கு நாளாக வெளிக்குப் போகாமல் இருந்தது. பத்து வருஷ அழுக்கைக் கழுவிவிடும் என்று சந்தையில் ஒருவர் விற்ற பொடியை, நேற்று வேலைக்குக் கிளம்பும்போது கலக்கிக் குடித்துவிட்டேன். பத்து மணிக்குக் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். தேயிலைக் காட்டில் கக்கூஸ் ஏது? கூட வேலை செய்யும் தாயம்மாள் அக்கா செடியின் ஈரம் படாமல் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படங்கை அவிழ்த்து, விரித்துப் பிடித்து என்னை மறைத்தார். எல்லோரும் இன்னும் சிரிக்கிறார்கள்.

எஸ்டேட் நர்ஸ் திட்டினார். "குடல் தன்னால சுத்தமாயிக்குமுங்க, பொடியெல்லாம் வேண்டாம். கீரை, பழம் சாப்பிடுங்க. தண்ணி நெறையக் குடிங்க."

அக்காவிடம் சொன்னேன். "தண்ணி குடிச்சா காட்டுல எங்க கண்ணு போறது? நாங்க யாரும் குடிக்கறதில்ல" என்றார்.

நம் மரத்துக் கொய்யா பழுத்தால் பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். என் பழைய ஸ்வெட்டரும் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே கொண்டுவரலாம்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது, கிளம்புகிறேன். தண்ணீர் பிடிக்கப் பாட்டிலை எடுத்தேன். நேற்று பிடித்தது அப்படியே இருக்கிறது.

ஜோதிமணி