எந்த ஜக்கம்மா?

20-8-77, சனி
அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் முதுகில் இருந்த தேமலில் டாக்டரம்மா ஊசியால் குத்தினார். அம்மாவுக்குத் தெரியவே இல்லை. டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"குஷ்டத்தோட ஆரம்பம். இந்த வகை ஒட்டாது, பயப்படாதீங்க. மாத்திரையை விடாமச் சாப்பிட்டாச் சரியாயிரும். விட்டுட்டா கை, கால் மரத்துப்போகும். வேலைக்குப் போங்க. யார்கிட்டயும் சொல்லணும்னு அவசியமில்ல."

அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு மருந்து ஜன்னல். கம்பவுண்டர் பால்சாமி, "ஜக்கம்மா!" என்றார். அம்மாவோடு சேர்த்து மூன்று பேர் அசைந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஜக்கம்மா சாமி பெயர் வைக்காத வீடு ஏது?

"எந்த ஜக்கம்மாண்ணே? இங்கன கல்ல விட்டெறிஞ்சா ஒரு ஜக்கம்மா மேல விழும்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பால்சாமியும் சிரித்துக்கொண்டே தலையை நீட்டி, "வயித்துவலி ஜக்கம்மா இல்ல, காய்ச்சல் ஜக்கம்மா இல்ல. குஷ்ட ஜக்கம்மா வாங்க, வெரசா!" என்றார்.

சிரிப்பு நின்றது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள். மற்ற இருவரும் முந்திக்கொண்டு போய், "எனக்கு வயித்துவலிதான்", "எனக்குக் காச்சல்தான்" என்று சத்தமாகச் சொல்லி மருந்து வாங்கினார்கள். மிச்சம் யார்? கருத்தம்மாள் அத்தை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய்க் கிடங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள்.

மருந்து வாங்காமலே வந்துவிட்டோம்.

22-8-77
அம்மா மத்தியானமே திரும்பிவிட்டாள். கிடங்குக் கணக்குப்பிள்ளை சொன்னாராம்: "நான் ஒண்ணும் சொல்லல ஆத்தா. பொம்பளைக உன் பக்கத்துல ஒக்கார மாட்டேங்கறாக. கொஞ்ச நாள் வீட்டுல இரு." டாக்டரம்மா ஒட்டாது என்றதைச் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னா நாந்தான்னு ஆயிருமே" என்றாள்.

25-8-77
வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சந்திரவல்லி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். இங்கே வெயில் அடிக்கிறதாம்.

27-8-77
நானே ஜன்னலுக்குப் போனேன். ஏன் அப்படிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பால்சாமி முகம் செத்துப்போயிற்று. "உங்க ஆத்தாளா? அட கடவுளே… பேரு ஒண்ணா இருந்தா மருந்து மாறிப்போயிரும் தாயி. அதுக்குத்தான்."

பொய் சொல்லவில்லை அவர். நன்றாகத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துப் போனது வீணாயிற்று. தெருப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடலாமே என்றேன். "நல்ல ரோசனையா இருக்கே!" என்று அப்போதே, "கீழத்தெரு ஜக்கம்மா!" என்றார். யாரோ ஒருத்தி எழுந்துபோய்ச் சாதாரணமாக மருந்து வாங்கிக்கொண்டாள்.

அம்மாவின் மாத்திரையை என்னிடம் தர முடியாதாம். ஆள் நேரில் வர வேண்டுமாம், டாக்டரம்மா உத்தரவு.

அம்மா வர மாட்டாள். காலில் விழுந்துகூடக் கேட்டுப் பார்த்தேனே!

18-9-77
அப்பா வேலை பார்க்கும் குரங்கணி எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்தார். தேவாரம் பக்கம் வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்றார்.

"அங்கன மட்டும் வாயில்லாதவனா மருந்து குடுக்கான்?" என்றாள் அம்மா.

அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

11-2-78
கொதிக்கிற குழம்புச் சட்டியை அம்மா துணி இல்லாமல் இறக்கி வைத்தாள்.

"சுடலையாம்மா?"

"இல்லையே" என்றாள். பிறகு இருவரும் அவள் கையைப் பார்த்தோம். விரல்களில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டு, "வெளிய சொல்லிராத" என்றாள்.