அபிக்குப் பதினான்கு

1998 ஜனவரி 11, ஞாயிறு

உறைமழை. டோர்செட் பார்க் ஜிம்முக்கு பஸ் அரை மணி தாமதம்.

பெண்கள் கூடைப்பந்துப் போட்டிக்கு இந்த வருடம் புது விதி. டிவியில் வரும் பெரிய அணிகளைப் பார்த்து, நடத்துகிற ரவி அண்ணை எல்லோருக்கும் ‘சம்பளம்’ வைத்திருக்கிறார். சதம் கூடக் கையில் வராது; திறமைக்கு ஒரு இலக்கம், அவ்வளவுதான். அணியின் கூட்டு நாற்பதைத் தாண்டக் கூடாது.

நாங்கள்: அபி 11. நான் 9. சுகந்தி 3. மற்ற ஐந்து பேரும் சேர்த்து 17. சரியாக நாற்பது.

அபிக்குப் பதினேழு வயது. இலையுதிர் காலத்தில்தான் வந்து சேர்ந்தாள். நான்கு வருடத்துக்கு முன் இந்த அணியைத் தொடங்கியவள் நான். போன வருடம் வரை பந்து கடைசியில் என் கைக்குத்தான் வரும்.

அடுத்து ஜிம்முக்காகக் காத்திருந்த பெடியன்களில் ஒருவன்: “உவள் ஆர்ரா?” என்னைப் பற்றி அல்ல.

தண்ணீர் குடிக்கும்போது அபி சொன்னாள்: “அக்கா, நீங்க முந்தி நல்லா விளையாடுவீங்களாம். அம்மா சொன்னவா.”

முந்தி.

ஜன. 13, செவ்வாய்

வாங்க: பால், பஸ் ரிக்கெற், முழங்கால் பட்டி.

மதியம் வேலையிடத்திலிருந்து ரவி அண்ணைக்கு போன் எடுத்தேன். அபிக்குப் பதினொன்று குறைவு, மற்ற அணிகள் சண்டைக்கு வரும், நியாயமாகப் பார்த்தால் பதினான்கு என்றேன். என் குரல் எனக்கே நேர்மையாகக் கேட்டது.

“தன்ர ஆளுக்கே கூட்டச் சொல்லுற கப்டனை இப்பதான் பாக்கிறன்” என்றார்.

பதினான்கு என்றால் எங்களிடம் அவளுக்கு இடமில்லை. ஒஷாவா அணியில் இருக்கிறது. போகட்டும்.

மூன்று மணிக்குப் பிறகு ஒரு ஃபைலும் சரியாக அடுக்கவில்லை.

ஜன. 18, ஞாயிறு

வெயில், ஆனால் கொல்லும் குளிர்.

அபி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். “அக்கா, எனக்குப் பதினாலாம். வேற ஒருத்தருக்கும் இல்லையாம். சீரியஸ்லி.” தலையில் ஆப்பிள் ஷாம்பூ வாசம்.

எல்லோரையும் இருத்திக் கணக்கைச் சொன்னேன். நாற்பத்து மூன்று. மூன்று அதிகம். அபியை விடுவோம் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

சுகந்தி சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே, நிமிராமல்: “அப்ப நான் விலகி நிக்கிறன். என்ர மூண்டு கழிஞ்சாச் சரிதானே.”

சுகந்தி பள்ளியில் என்னோடு வலைப்பந்து விளையாடியவள். இப்போது வெக்ஸ்போர்டில் வீடு. இரண்டு பிள்ளைகள், கிழமை முழுக்க ஃபக்டரி. ஞாயிறு இந்த இரண்டு மணி நேரம்தான் அவளுடையது. பாப்பம் என்று மட்டும் சொன்னேன்.

பஸ் நிறுத்தத்தில், ஸ்கோர் எழுதவாவது வருவேன் என்றாள். “வீட்டில சொல்ல ஒரு சாட்டு வேணுமே.” சிரித்தாள். என்னால் முடியவில்லை.

ஜன. 20, செவ்வாய்

சுகந்தியிடம் உண்மையைச் சொல்லலாம். இரண்டு தரம் நம்பரை அமத்திவிட்டு வைத்தேன்.

வேறு வழி: என் ஒன்பதை ஆறாக்குவது. சனிக்கிழமைக்குள் கப்டன் நேரில் போய்க் கேட்டால் மாற்றுவார்களாம்.

ஜன. 24, சனி

ரவி அண்ணையின் கார் ரயர் கடை. பஸ்ஸில் போகும்போதே பேச்சைத் தயார் பண்ணினேன்: முழங்கால், வயது இருபத்தொன்பது, போன வருடம் தவறவிட்ட பந்துகள். அவர் மறுப்பார், ‘உம்மைப் போல ஆளுக்கு ஆறோ’ என்பார், நான் கெஞ்ச வேண்டிவரும் என்று நினைத்தேன்.

முழங்கால் என்றதுமே இலக்கங்கள் எழுதும் கொப்பியைத் திறந்துவிட்டார்.

“நான் முதலே அஞ்செண்டுதான் நினைச்சனான், பிள்ளை. நீர் தொடங்கின ரீம் எண்டு ஒரு மரியாதைக்கு ஒம்பது போட்டது.”

ரப்பரால் அழித்தார். தூளை ஊதினார். ஐந்து.

கூட்டு முப்பத்தொன்பது. ஒன்று மிச்சம்.

ஜன. 25, ஞாயிறு

என் முழங்கால் சரியில்லை, நானே குறைக்கச் சொன்னேன் என்று அணியிடம் சொன்னேன். சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “எனக்காகத்தானே செய்தனி.” தலையாட்டினேன். அவளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வசதி. அதையும் எழுதி வைக்கிறேன்.

அபி இடது கையால் போட்டுப் பழகுகிறாள். இடது கையாலும் விழுகிறது.

பெப். 1, ஞாயிறு

முதல் ஆட்டம், ஒஷாவாவோடு. ஓரத்து வாங்கில் உட்கார்ந்து நான், பக்கத்தில் சுகந்தி. அபி போடும் ஒவ்வொரு பந்துக்கும் சுகந்தி என் தொடையில் தட்டினாள். நானும் கைதட்டினேன், மற்றவர்களுக்கு ஒரு கணம் பிந்தி.

முடிய ஐந்து நிமிடம். அபி விழுந்தாள். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். வாங்கில் முதலில் எழும்பியது நான்தான். அவளிடம் ஓடப் போகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் உள்ளே இறங்க ஜக்கெற்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அபி தானாகவே எழும்பினாள். இரண்டு அடி நொண்டி, பிறகு நேராக நடந்தாள். ஒன்றுமில்லையாம்.

ஜக்கெற்றைத் திரும்பப் போட்டேன். சிப்பை இழுத்தேன்; ஏறவில்லை.

“குளிருதோ?” என்று சுகந்தி கேட்டாள்.

ஓம் என்றேன்.