அம்மாவின் ஜிமிக்கி கிடைத்துவிட்டது

வாசலில் ஹாரன் அடிக்காமல் எனக்காகக் காத்திருந்த அன்பு அப்பாவுக்கு,

ஜிமிக்கி கிடைத்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் காரை விற்கப்போகிறோம். மழைத் தண்ணீர் புகுந்து உள்ளே நாற்றம். கிள்ளான் பட்டறையில் சீட்டைக் கழற்றினார்கள். "உங்கப்பா சீட்டுக்கு அடியில ஒரு கடையே வச்சிருந்தாருலா, தங்கச்சி" என்றார் பட்டறைக்காரர். இரண்டு பேனா. உங்கள் சீப்பு. சில்லறை. சீட் பெல்ட் செருகும் இடத்துக்குக் கீழே, கார்ப்பெட்டுக்குள், நகைக்கடையின் ரோஜா நிறத் தாள். மடிப்பு கலையவில்லை.

அம்மாவின் ஜிமிக்கிக்குத் திருகாணி மாற்ற பிரிக்பீல்ட்ஸ் ஆசாரியிடம் போய் வந்தீர்களே, அன்றைய தாள். வீட்டுக்கு வந்து, "தொலைஞ்சிருச்சு" என்றீர்கள். "தொலைச்சிட்டீங்க" என்றாள் அம்மா. தொலைஞ்சு, தொலைச்சு: நடுவில் ஒரு மெய்யெழுத்துதான் வேறு. காரை நீங்கள் எத்தனை முறை தேடினீர்கள். கை போகாத இடத்தில் இருந்திருக்கிறது.

அதற்கு அடுத்த வாரமே அத்தை மகளின் கல்யாணம் வந்தது. அவள் காதிலும் ஜிமிக்கி. அம்மா சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா ஜிமிக்கியும் ஒரே மாதிரிதான் ஆடும் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை, அப்பா?

அன்றோடு "தொலைச்சிட்டீங்க" போய், "உங்க அக்காவுக்குக் குடுத்துட்டீங்க" வந்தது. பண்டமாரானில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவது நின்றது. உங்கள் சாவுக்கு வந்த அத்தை வாசலோடு திரும்பிப் போனார். அம்மா வாயில் அவர் இப்போது அண்ணி இல்லை. "உங்கப்பாவோட அக்கா."

கிடைத்த நகையை என்ன செய்வது? உடையவரிடம் கொடுப்பது. அவ்வளவுதானே. நான் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மோனோரெயிலில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன். அலுவலகத்தில் நிமிடத்துக்கொரு முறை பையைத் தொட்டுப் பார்த்தேன்.

அம்மா தினமும் விளக்கேற்றிவிட்டு உங்கள் படத்திடம் ஒன்றுதான் கேட்கிறாள். நிஜத்தைச் சொல்லுங்க, அவங்களுக்குத்தானே குடுத்தீங்க? வேறு பேச்சே இல்லை. அதையும் நான் எடுத்துவிட்டால், உங்களிடம் பேச அவளுக்கு என்ன மிஞ்சும்?

அதனால் முதலில் அத்தை வீட்டுக்குப் போனேன். பழி சுமந்தவர் கையாலேயே அம்மாவிடம் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். அழகான யோசனையாகத் தெரிந்தது.

அத்தை தாளைத் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் கையில குடுக்காதே கண்ணு. நான் கொண்டு போனா, திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிடும்லா."

எழுந்து தேத்தண்ணி போடப் போனார். அடுப்படியிலிருந்தே சொன்னார்: "எனக்காக எதுவும் சொல்ல வேணாம். என் தம்பி பொய் சொல்லலைன்னு சொல்லு. அது போதும்."

வீட்டுக்கு வந்தபோது அம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் வைத்தேன். பட்டறை, சீட், கார்ப்பெட், எல்லாம் சொன்னேன். அத்தை வீட்டுக்குப் போனதையும் சொன்னேன். அவள் தாளைக் கையில் எடுத்தாள். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். புதுத் திருகாணியைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. ஆசாரி இறுக்கியதற்குப் பிறகு யாரும் கழற்றாத திருகாணி. இன்னொன்றையும் திருகினாள்.

பிறகு உங்களைப் பார்த்தாள்.

"தொலைஞ்சுதான் போயிருக்கு."

அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஜிமிக்கியை உங்கள் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். சாப்பிடவில்லை. நான் செய்தது சரியா? படத்துக்கு முன்னால் அந்த மௌனம் எனக்குப் பழக்கமில்லை, அப்பா. அதைவிடக் கேள்வியே பரவாயில்லை என்று இருந்தது.

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணி இன்னும் சீனி போடாமத்தான் குடிக்கிறாங்களா?"

வாய் நிறைய நுரை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை காரை விற்க மாட்டேன். அன்று அம்மாவை அதில் உட்கார வைத்துப் பண்டமாரானுக்கு ஓட்டிப் போவேன். பாதி வழியில் திருப்பச் சொல்வாள், உங்களுக்குத் தெரியும். திருப்ப மாட்டேன்.

உங்கள் மகள்,
பண்டமாரான் அத்தையின் மருமகள்,
தேன்மொழி