பரிசாய் வந்த கார்டும் வேம்பன் விடுதலையும்

நலம் பெருகுக. உப்பங்கழி ஏழின் காவலரும், எதிர்க்கரையார் சொல்லையும் இறுதிவரை கேட்கும் செவியுடையவருமாகிய ஆழிமுனை நாட்டு அரசி திருமாமணி நாச்சியார் திருமுன்புக்கு, செங்கழனி நாட்டு முதலமைச்சன் அடைக்கலங்காத்தான் அடிபணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை அளவோடு பெய்க. மின்கம்பிகள் ஒருநாளும் அறாதிருக்க.

எல்லை மதகை உடைத்துத் தங்கள் கரையூரை வெள்ளத்தில் ஆழ்த்தினார் என்று எங்கள் ஓடக்காரர் வேம்பன் தங்கள் அறமன்றில் நிறுத்தப்பட்டதும், நண்பகலில் முழங்கும் உச்சிமுரசுக்குள் சான்று வராவிடில் அவருக்குத் தீவாந்தரம் என்று விதிக்கப்பட்டதும் தாங்கள் அறிந்ததே. மதகின் சங்கிலி தானே அறுந்ததையும், அவ்வேளையில் வேம்பன் மக்களை ஓடத்தில் ஏற்றிக்கொண்டிருந்ததையும் எங்கள் கரைக்காவல் கேமராக்கள் மூன்றும் பதிவுசெய்திருந்தன. அப்பதிவுகளை வெட்டி, வரிசைப்படுத்தி, ஒரு மணி நேரக் காணொளியாக்கி முடித்தபோது கெடுநாள் காலை ஒன்பது மணி. ஒரே கோப்பாக்கி அனுப்பினாலன்றி மன்றம் ஏற்காது. எங்கள் கணினியோ கோப்பை உருவாக்க இன்னும் ஏழு மணி நேரம் ஆகும் என்று கூசாமல் திரையில் காட்டிற்று. இருந்த நாலு முடியையும் பிய்த்துக்கொண்டேன்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சென்ற ஆண்டு தாங்கள் அன்புடன் அனுப்பிய கிராஃபிக்ஸ் கார்டு அக்கணினிக்குள்தான் இருந்தது. பரிசாய் வந்ததை வேலை வாங்கலாகாது என்பது எங்கள் நாட்டு வழக்கம். தங்கள் பாட்டனார் தந்த யானை இன்றுவரை ஒரு கட்டையும் தூக்கியதில்லை. ஆதலின் கார்டைப் பொருத்தி, கணினிப் பெட்டிக்குச் சந்தனம் சாத்தி, காணொளியை விரைந்து கோப்பாக்கும் கார்டின் என்கோடரை மட்டும் அணைத்து வைக்குமாறு ஆணையிட்டவன் அடியேனே. பாரம் முழுவதையும் பிராசசர் ஒன்றே சுமந்து மூச்சுவாங்கிற்று.

கெடுவை நீட்டித் தருமாறு வேண்டித் தங்கள் மன்றத்துக் கணினிச்சாலையைத் தொலைபேசியில் அழைத்தேன். கோப்புகளைப் பெற்றுச் சரிபார்க்கும் அலுவலர் செங்காணி என்பவர், கெடு தம் கையில் இல்லை என்று கூறி, எங்கள் கணினியின் நிலையைக் கேட்டறிந்தார். பின்னர் அவர் உரைத்ததை உரைத்தபடியே வரைகிறேன்: “விருந்தாளிய உக்கார வச்சுக் கும்புட்டுக்கிட்டு வீட்டுக்காரர் ஒருத்தரே மாவாட்டுனா எப்பய்யா விடியும்? கார்டுல இருக்கற ஹார்டுவேர் என்கோடிங்க ஆன் பண்ணுங்க. பெருமைக்குப் புது கோடெக்கத் தொடாதீங்க, இங்க இருக்கறது பழைய கணினி, எச்.264 கோப்பு தான் தொறக்கும். பிட்ரேட்டக் கொஞ்சம் கூட்டி வைங்க, ஆளு முகம் மங்கிடக் கூடாது.”

அமைச்சனாகி முப்பது ஆண்டில் என்னை எவரும் இப்படிக் கேட்டதில்லை. வேம்பன் மனைவி சிலம்பாயி வாசற்படியில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன், வழக்கத்தை மூட்டை கட்டினேன். பதினெட்டே நிமிடத்தில் கோப்பு உருவாயிற்று. முரசுக்கு அரைமணி முன்னரே அது தங்கள் மன்றம் சேர்ந்தது, வேம்பன் விடுதலையானார். கார்டைத் தந்த தங்களுக்கும், அதை ஆளச் சொல்லித் தந்த செங்காணிக்கும் இந்நாடே கடன்பட்டது. எழுதும்போதே கண் கலங்குகிறது, மறைப்பானேன்.

இனி எழுதுவது, நேற்று வேம்பன் வீடு திரும்பிச் சொன்ன பின்னரே நான் அறிந்தது. கோப்பில் பழுதில்லை என்று உறுதிசெய்வது செங்காணியின் கடமையாதலின், மன்றத்தார் முன்பு அதை முதலிலிருந்து முடிவுவரை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். நாற்பதாம் நிமிடத்தில் நீலக் கதவு வைத்த வீடொன்று சரிந்து நீரோடு போகிறது. கரையூரின் ஒவ்வொரு வீட்டையும் வேம்பன் அறிவார். அது செங்காணியின் வீடு. வெட்டிச் சேர்த்த எங்களுக்கு அது தெரியாது. அவர் காட்சியை நிறுத்தவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. கண்டு முடித்து, கோப்பு பழுதின்றி உள்ளது என்று மட்டும் நடுவரிடம் தெரிவித்தாராம்.

ஆகவே, தங்கள் இசைவு வேண்டி, மரமும் செங்கல்லும் ஏற்றிய ஓடங்கள் நான்கு நாளைக் காலை புறப்படும். முதல் ஓடத்தை வேம்பன் செலுத்துவார். எங்கள் எல்லைத்துறைக் காவலர் இவ்வோலை கண்டு வழிவிடுக. உடன்வரும் எங்கள் தச்சரும் கொத்தரும் வீடு எழும்பும்வரை ஊர் திரும்பலாகாது. கதவுக்கு என்ன நிறம் என்பதைச் செங்காணியைக் கேட்டே பூசுக.

எங்கள் நாட்டார்க்கு இது ஆணை. நெற்கதிர் இலச்சினை இட்டேன்.