கூரை தொடும் சுவர்

எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பதில் வராத இடத்துக்கு ஒருத்தி கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் களைத்து வந்தபோது உன் தங்கையின் கடிதம் கதவிடுக்கில் கிடந்தது. நாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே அவளுக்கும் இடம் கிடைத்திருக்கிறதாம், விடுதியில்தான் இல்லையாம். "எனக்கு ஒரு ரூம் பாருங்க அக்கா. சுவர் கூரை வரைக்கும் இருந்தா போதும்."

அந்த வரியோடு உட்கார்ந்துவிட்டேன். தேநீர் ஆறிப்போனது.

நாம் தங்குவதற்குப் போர்டிங் அறை தேடிய அன்று மற்றப் பிள்ளைகள் குளியலறையையும் பஸ்ஸையும் விசாரித்தார்கள். நீ நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பாய். நம் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில், சுவர் பாதியில் நின்றுவிடும். பக்கத்து வீட்டு இருமலும் சண்டையும் தாண்டி வரும். அதற்குள் படித்துத்தான் இருவரும் வந்தோம். "மத்ததெல்லாம் சமாளிக்கலாம் புள்ள. சத்தத்த மட்டும் முடியாது" என்பாய். எனக்குக் கூச்சம், சிங்களத்தில் பேசியதெல்லாம் நீதான். மூன்று வீடுகளில் இல்லை என்றார்கள். "நம்ம பேரச் சொன்னதும் வீடு நெறஞ்சிருது பாத்தியா?" என்று சிரித்தாய்.

நான்காவது வீட்டில் சுவர் கூரையைத் தொட்டது. நீ தண்ணீர் பார்க்கக் கிணற்றடிக்குப் போனாய். இரண்டு பேரும் இருப்பீர்களா, ஒருத்தி பாய் போட்டுக்கொள்ளலாமே என்று வீட்டுக்கார நோனா என்னிடம் கேட்டார். பிறந்ததிலிருந்து நான் ஓர் அறையில் தனியாகப் படுத்ததில்லை; அந்த ஆசை. "நான் மட்டும்தான்" என்றேன். அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரிந்திருந்தது.

உன்னிடம், "ஒரு ஆளுக்குத்தான் குடுப்பாங்களாம்" என்றேன்.

"அப்ப நீயே இரு. நீதான் பயந்தவ." என் பெட்டியை நீயே உள்ளே தூக்கி வைத்தாய்.

உனக்குக் கிடைத்தது பலகைத் தடுப்பு வைத்த அறை. அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தையல் மெஷின். முதல் வருடப் பரீட்சை தவறி, தெரணியகலைத் தோட்டத்துக்கே திரும்பினாய். நான் பட்டம் வாங்கியபோது, "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்" என்றாய். அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. போன வருட மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வாடகை அறையில் நான்கு சுவரும் கூரை வரை போகின்றன. எந்தச் சத்தமும் வருவதில்லை. இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரே பஸ். உன் தங்கையை இங்கேயே வரச்சொல்லி எழுதிவிட்டேன். கட்டிலும் மேசையும் அவளுக்கு. நான் பாயில் படுத்துக்கொள்வேன். வந்த அன்றே அந்த நான்காவது வீட்டில் நடந்ததை அவளிடம் சொல்லிவிடுவேன்.

கேட்டபிறகு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.